ஃப்யூயல் பம்ப் மாத்துறதுக்கு முன்னாடி, டேங்க் மூடியைத் திறந்து பாருங்க!

பழைய கார் வச்சிருக்கீங்களா? அம்பத்தூர்ல கிளம்பும்போது நல்லா ஓடுது, ஆவடி தாண்டும்போது இழுக்காம நின்னுடுதா? பத்து நிமிஷம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுதா? "பம்ப் போயிடுச்சு சார், மாத்திடலாம்"னு யாராவது சொன்னா, சரின்னு தலையாட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. பெரிய செலவுக்கு முன்னாடி சின்ன செலவைச் சரிபார்க்கணும்னு நம்ம சேனல்ல சொல்ற விதி, காருக்கும் பொருந்தும்.

விஷயம் ரொம்ப சிம்பிள். டேங்க்ல இருந்து 1 லிட்டர் பெட்ரோல் வெளியே போனா, அந்த இடத்தை நிரப்ப 1 லிட்டர் காத்து உள்ளே வரணும். அந்த வழி அடைச்சுக்கிட்டா டேங்க் உள்ளே வெற்றிடம் உருவாகும். பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் சரியா வராது. மெக்கானிக்குங்க இதை "ஏர் லாக்"னு பொதுவா சொல்லிடுவாங்க. சில பழைய கார்பரேட்டர் வண்டிகள்ல மூடியிலேயே காத்துக்கு வழி இருக்கும். அதுக்குப் பின்னாடி வந்த வண்டிகள்ல மூடியில ஒரு சின்ன வால்வு, ஆவியைப் பிடிச்சு வைக்க ஒரு கரி டப்பா (சார்கோல் கேனிஸ்டர்), அந்த ஆவியை இன்ஜினுக்கு அனுப்ப பர்ஜ் வால்வுன்னு மூணும் இருக்கும்.

காசில்லாத முதல் டெஸ்ட்

வண்டி நின்னதும் ஓரமா, திறந்த வெளியில நிறுத்துங்க. இன்ஜின் ஆஃப். பக்கத்துல சிகரெட், நெருப்பு எதுவும் கூடாது. முகத்தைத் தள்ளி வச்சுக்கிட்டு மூடியை மெதுவா திறங்க.

• காத்து வேகமா உள்ளே இழுக்குதா? திறந்த உடனே, காத்திருக்காம ஸ்டார்ட் பண்ணுங்க. உடனே எடுத்துச்சுன்னா, காத்து வழியில அடைப்புன்னு சந்தேகப்படலாம்.

• மூடியைத் திறந்தும் எடுக்கல, சூடு ஆறின பிறகுதான் எடுக்குதா? அப்போ பம்ப், இக்னிஷன் காயில் பக்கம் பாருங்க.

• "புஸ்"னு வெளியே வருதா? நம்ம ஊர் வெயில்ல லேசா வந்தா பயப்பட வேண்டாம். பலமா வந்து பெட்ரோலும் தெறிச்சா, கேனிஸ்டருக்குப் போற லைன் அடைச்சிருக்கலாம்.

• பெட்ரோல் போட்ட உடனே மட்டும் ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணுதா? பர்ஜ் வால்வு மூடாம இருக்கலாம். பெரும்பாலான வண்டிகள்ல கரன்ட் இல்லாதப்போ அது மூடியிருக்கணும். கழட்டி லேசா காத்தடிச்சா மறுபக்கம் வரக் கூடாது.

ஒரு தடவை பார்த்து முடிவு பண்ணாதீங்க, ரெண்டு மூணு தடவை பாருங்க. ஸ்கேனர்ல எதுவும் வரலன்னு சொன்னாலும் ஏமாறாதீங்க. நம்ம ஊர் பழைய வண்டிகள் பலதுல டேங்க் பிரஷரை அளக்க சென்சாரே கிடையாது.

ஏன் அடைக்குது?

2015, 2023 டிசம்பர் வெள்ளத்துல கொரட்டூர், அம்பத்தூர் பக்கம் தண்ணியில நின்ன வண்டிகளை நினைச்சுப் பாருங்க. அடியில இருக்கிற வென்ட் ஹோஸ்ல சேறு புகுந்து காய்ஞ்சா அடைப்புதான். பூச்சி கூடு கட்டினாலும் இதே கதி. இது கதை இல்ல: 2011-ல அமெரிக்காவுல மஸ்டா 6 கார்கள் 50,000-க்கும் மேல திரும்ப அழைக்கப்பட்டதுக்குக் காரணம், வென்ட் லைன்ல வலை பின்னின ஒரு வகை சிலந்தி! வெற்றிடம் அதிகமாகி டேங்க்ல விரிசல் விழலாம்னுதான் அந்த நடவடிக்கை.

அடுத்தது எத்தனால். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்ல 20,000–30,000 கி.மீ. ஓடின பிறகு சில பழைய வண்டிகள்ல ரப்பர் பாகங்களை மாத்த வேண்டி வரலாம்னு 2025-ல பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கு. அதனால ஹோஸ்ல வெடிப்பு, பிசுபிசுப்பு இருக்கான்னு பாருங்க.

செலவு பண்ற வரிசை

1. மூடி. புதுப்பேட்டையில பழசு மலிவா கிடைக்கும்தான். ஆனா அதுல இருக்கிற வால்வும் பழசுதானே? இதை மட்டும் புதுசா, உங்க மாடலுக்கு ஏத்ததா வாங்குங்க.
2. வென்ட் ஹோஸ்: சுத்தம் பண்ணுங்க, இல்லன்னா மாத்துங்க.
3. பர்ஜ் வால்வு.
4. கேனிஸ்டர்.
5. கடைசியாதான் பம்ப். அதுவும் பிரஷர் கேஜ் வச்சு அளந்து காட்டச் சொல்லுங்க.

பங்க்ல ஆட்டோ கட் ஆன பிறகும் "ரவுண்டா போடுப்பா"ன்னு சொல்ற பழக்கத்தை விட்டுடுங்க. வழியிற பெட்ரோல் கேனிஸ்டருக்குள்ள போய் கரியை நனைச்சுடும். 40 ரூபாய் பெட்ரோலை ரவுண்ட் பண்ணப் போய் ஒரு கேனிஸ்டர் செலவை இழுத்துக்காதீங்க.

கடைசியா, காசை விட முக்கியமான ஒண்ணு. மூடின போர்டிகோவுல பெட்ரோல் வாசனை வந்தா அசால்ட்டா விடாதீங்க. பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட தேங்கி நிக்கும். ஒரு சுவிட்ச் பொறி போதும். கதவைத் திறந்து விடுங்க, சுவிட்ச் எதையும் தொடாதீங்க, வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வெளியே தள்ளிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. இந்த ஒரு விஷயத்துல மட்டும் செலவைத் தள்ளிப் போடாதீங்க.