விதைநெல்லைத் தொடாத பூ

புற்றுநோய்க்கு ஏற்றும் ஊசிமருந்துகள் எல்லாம் குழந்தைப்பேற்றை ஒரே அளவில் கெடுப்பதில்லை. மருந்து எந்த வகை, மொத்தம் எவ்வளவு ஏறியது, நோயாளிக்கு என்ன வயது என்ற மூன்றையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ‘கரண்ட் வைப்பது’ எனப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சையின் கணக்கு வேறு: கருமுட்டைகளில் பாதியை அழிக்க 2 கிரே கதிர்வீச்சே போதும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு வெளியிலிருந்து வைப்பதோ 45 முதல் 50 கிரே வரை.

பெண் குழந்தை பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறது. பூப்பெய்தும் வயதில் 3, 4 லட்சம் மிஞ்சும். அதற்குமேல் புதிதாக ஒன்றும் சேராது. குதிரில் கொட்டி வைத்த விதைநெல் போல அவை உறங்கிக் கிடக்க, அவ்வப்போது கொஞ்சம் மட்டும் விழித்து வளரும். ஆணின் விரையில் நடப்பது ஓயாத விளைச்சல். ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள். அங்கே விதைநெல் என்பது விந்தணுவைப் பிறப்பிக்கும் தாய்ச்செல்.

சைக்ளோபாஸ்பமைடு, புரோகார்பசின் போன்றவை இந்தக் குதிருக்குள்ளேயே புகுபவை. செல் பிரிகிறதா, உறங்குகிறதா என்று பாராமல் மரபணு இழைகளைக் கெடுக்கும். சைக்ளோபாஸ்பமைடு முதல் உலகப்போரின் கடுகு வாயுவுக்குத் தூரத்துச் சொந்தம். மார்பகப் புற்றுக்கு இதை ஏற்றிக்கொண்ட 25 வயதுப் பெண்ணுக்கு நின்ற மாதவிலக்கு பெரும்பாலும் திரும்பிவிடும். 40 வயதில் அப்படியே நின்றுபோவது சாதாரணம். திரும்பினாலும் குதிர் பழையபடி நிறைந்திருக்காது. விலக்கு நிற்க வேண்டிய வயது முன்னதாகவே வரக்கூடும்.

எதிர்முனையில் இருப்பது நித்தியகல்யாணி. மதுரைப் பக்கம் வீட்டு வாசலிலும் வேலியோரத்திலும் வருஷம் முழுக்கப் பூத்துக் கிடக்கும் அதே செடிதான். ஆடு மாடு வாய் வைக்காது, மழை பொய்த்தாலும் தாங்கும். தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இதைப் பயிராகவே போடுகிறார்கள். காய்ந்த இலையும் வேரும் ஏற்றுமதியாகின்றன. சுடுகாட்டு மல்லி என்றும் இதற்கொரு பெயர் உண்டு. கல்யாணத்தையும் சுடுகாட்டையும் ஒரே செடிக்குப் பெயராக்கியவர்களுக்கு இதன் இலையிலிருந்து என்ன வரப்போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை.

நம் ஊர்ப் பாட்டிகளைப் போலவே ஜமைக்காவிலும் இதைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். 1952இல் அங்கிருந்து கனடாவுக்குத் தபாலில் போன இலைகளை ராபர்ட் நோபில் ஆராய்ந்தார். எலிகளின் சர்க்கரை அசையவில்லை; வெள்ளணுக்கள் சரிந்தன. சார்லஸ் பீரும் அவரும் சேர்ந்து பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958இல் வெளியுலகுக்கு வந்தது. பின்னாலேயே வின்கிரிஸ்டின். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். புற்று கரையும் என்று நம்பி வாசல் செடியைப் பறித்துக் கொதிக்கவைப்பவர்களுக்கு மருந்து கிடைக்காது, நஞ்சு கிடைக்கும்.

பிரியும் செல்லை மட்டுமே இந்த மருந்துகள் பிடிக்கின்றன. செல் இரண்டாகும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் இழைகளை உருவாகவிடாமல் தடுத்துவிடும். உறங்கும் கருமுட்டை பிரிவதில்லை. அதனால் அது பெரும்பாலும் தப்பிக்கிறது. நிற்கிற பயிர் போகும், விதைநெல் மிஞ்சும்.

ஆண்களிலும் இப்படித்தான்; ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றின் வரலாறு இதற்குச் சாட்சி. 1960களில் வந்த மாப் கூட்டுமருந்து உயிரைக் காத்தது. ஆனால் அதை ஏற்றிக்கொண்ட ஆண்களில் மிகப் பெரும்பாலோரின் விந்தில் அணுவே இல்லாமல் போனது. அதிலும் வின்கிரிஸ்டின் இருந்தது என்றாலும், கெடுத்தவை உடன் இருந்த நைட்ரஜன் மஸ்டர்டும் புரோகார்பசினும். 1970களில் மிலான் நகர மருத்துவர் பொனடோனா அவ்விரண்டையும் விட்டு, வின்பிளாஸ்டினைச் சேர்த்து அமைத்த ஏபிவிடி கூட்டுமருந்தில் விந்தணு குறைந்தாலும் பெரும்பாலும் மீண்டுவிடுகிறது. பூவிலும் குறை உண்டு: வின்கிரிஸ்டின் நரம்பைத் தொடும், விரல் மரத்துப்போகும், மலம் கட்டும்.

குழந்தைப்பேற்றைக் காக்கும் இன்னொரு வழி, கர்ப்பப்பை வாய்ப் புற்றை முன்நிலையிலேயே பிடிப்பது. அது திண்டுக்கல் கிராமங்களில் நடந்தது. 2000 முதல் 2003 வரை 30 முதல் 59 வயதுள்ள 31,343 பெண்களுக்குச் செவிலியர்கள் அசெட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அதே பொருளை, கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்த்தார்கள். வெளுத்துத் தெரிந்த முன்நிலைத் திட்டுகளைக் குளிரூட்டி உறையவைத்தே அழிக்கலாம். கர்ப்பப்பை அப்படியே இருக்கும். 2007இல் லான்செட்டில் வந்த முடிவின்படி, சோதிக்காத பகுதிகளைவிட அங்கே கர்ப்பப்பை வாய்ப் புற்று 25 சதவீதமும் அதனால் வந்த சாவு 35 சதவீதமும் குறைந்தன.

நோய் வந்துவிட்டவர்களுக்கு முதல் ஊசிக்கு முந்தைய நாட்களே கையிருப்பு. ஆண் ஓரிரு நாளில் விந்தைக் கொடுத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்துக்கொள்ளலாம். கருமுட்டை எடுக்கச் சுமார் இரண்டு வாரம் வேண்டும். கடும் ரத்தப் புற்று பெரும்பாலும் அத்தனை நாள் பொறுக்காது. சிகிச்சையின் நடுவே விலக்கு நின்றாலும் கருத்தடை தேவை. விலக்கு நின்றதாலேயே கருத்தரிக்காது என்பதற்கு உத்தரவாதம் இல்லை, மருந்து சிசுவைக் கெடுக்கும்.

சிகிச்சைக்குப் பிந்தைய தாம்பத்தியம் தனிக் கதை. கரண்டுக்குப் பின் பெண்ணுறுப்பு சுருங்கி ஒட்டுவது, அதைத் தடுக்கும் விரிப்புக் குழல், உலர்வுக்கான களிம்பு, புராஸ்டேட் அறுவைக்குப் பின் விறைப்பின்மை ஆகியவை அடுத்த இதழில்.