மார்பகக் கட்டியும் மூன்று புரதங்களும்

நெற்பயிர் மஞ்சளித்தால் நம் விவசாயிகள் கண்ணை மூடிக்கொண்டு யூரியா இடுவதில்லை. தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, பூச்சியா என்று பார்த்த பின்னரே கை வைக்கின்றனர். மார்பகப் புற்றுநோயும் அத்தகையதே. பெயர் ஒன்றாயினும் நோய் ஒன்றன்று. அந்த வேற்றுமையை அறிவிப்பவை கட்டியின் உயிரணுக்களில் உள்ள சில புரதங்களாகும்.

அவற்றுள் முதன்மையானவை மூன்று. முதலிரண்டும், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் பெண்மைச் சுரப்புகளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள். சூலகங்களை அகற்றினால் முற்றிய மார்பகப் புற்றும் சிலருக்குச் சுருங்குகிறது என்பதை ஸ்காட்லாந்து மருத்துவர் பீட்சன் 1896-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். சிலருக்கு மட்டும் ஏன் என்பது ஏற்பிகள் கண்டறியப்பட்ட பின்னரே விளங்கிற்று. ஏற்பி உள்ள கட்டியை டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளால் அடக்கலாம். இல்லாத கட்டிக்கு அவை பயன்படா. மூன்றாவது ஹெர்-2. இது மிகுந்தவர்களுக்கு நோய் விரைவில் திரும்புவதை 1987-இல் அமெரிக்காவில் ஸ்லேமன் குழுவினர் காட்டினர். அப்புரதத்தையே தாக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து 1998-இல் அங்கு அனுமதி பெற்றது. 2014 முதல் நம் நாட்டுத் தயாரிப்பும் கிடைக்கிறது. ஒரு காலத்தில் கெட்ட செய்தியாக மட்டுமே இருந்த விடை, இன்று சிகிச்சைக்கு வழி காட்டுகிறது.

மூன்றும் இல்லாத வகை நம் நாட்டில் மேல்நாடுகளைவிட மிகுதி. அது திரும்புவதாயின் பெரும்பாலும் முதல் ஐந்தாண்டுகளுக்குள் திரும்பும். அக்காலத்தைக் கடந்தவர்க்கு அச்சம் வெகுவாகக் குறைகிறது. ஏற்பி உள்ள வகையோ தொடக்கத்தில் சாதுவாகத் தோன்றி, பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் தலைகாட்டக்கூடும். ஐந்தாண்டுக்குக் குறையாமல் மாத்திரை உண்ணச் சொல்வது இதனாலேயே. உடம்பு தேறிவிட்டதென்று இடையில் நிறுத்துவது ஆபத்து. புரதங்கள் எவ்வாறிருப்பினும், கட்டியின் அளவும் அக்குளில் நெறி பரவியிருப்பதும் விளைவைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. ஆதலால் கட்டி தென்பட்டதும் செல்வதற்கு ஈடாக எந்தச் சோதனையும் இல்லை.

இச்சோதனை இரத்தத்தில் செய்வதன்று. கட்டியிலிருந்து எடுத்த சதையில் செய்வது. அச்சதையைத் தாமதமின்றி ஃபார்மலின் திரவத்தில் இடவேண்டும். வெறும் உப்புநீரில் கிடந்து கெட்டால் விடையும் தவறும். சிறிய மருத்துவமனையில் கட்டியை அகற்றிக்கொள்வோர் “சதை சோதனைக்கு அனுப்பப்பட்டதா?” என்று கேட்கத் தயங்கலாகாது. சதையைப் பதித்த மெழுகுக் கட்டியை ஆண்டுகள் கழித்தும் சோதிக்கலாம். பெரிய மருத்துவமனைக்கு மாறும்போது அறிக்கையுடன் அதையும் கேட்டுப் பெறுக. ஹெர்-2 பற்றி ‘2+’ என்றிருந்தால் அது முடிவன்று, மற்றொரு சோதனை தேவை. சி.ஏ. 15-3 என்னும் இரத்தச் சோதனை, முற்றிய நோயின் போக்கைக் கவனிக்க உதவுவது. நலமாயிருப்பவர் முன்னறிவுக்காகப் பணம் கட்டிச் செய்துகொள்வது வீண் செலவு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளோர் அதை உடன் கொண்டு செல்க. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒன்றைச் சொல்லி அனுப்புவது நலம்: கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கடலூரில் இல்லை. அது 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கப்பெற்ற அதே நிலையம். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் உள்ளது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருப்பது மாவட்டத் தலைமை மருத்துவமனை. சீட்டில் எது எழுதப்பட்டுள்ளதென்று பார்த்துப் பேருந்து ஏற்றிவிடுக.