கடலோரத்து நுரையீரலும் பனிமலையும்

சென்னையில் மலை என்று சொல்ல இருப்பது பரங்கிமலை. உயரம் ஏறக்குறைய 300 அடி. மயிலாப்பூரிலும் அடையாறிலும் வளரும் பிள்ளைகளுக்குப் பழகிய மலை அது ஒன்றுதான். அதன் அருகே 1963 முதல் இயங்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் தேறி வெளியே வரும் இளைஞர், சில மாதங்களிலேயே 15,000 அடிக்கு மேல் காவல் நிற்க நேரலாம்.

மலைப்படைகள் தோன்றிய காலத்தில் மலையில் பிறந்தவர்களைத்தான் தேடிச் சேர்த்தார்கள். 1872இல் இத்தாலி தொடங்கிய ஆல்பினி படை ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளின் பிள்ளைகளால் ஆனது. நம் லடாக் ஸ்கவுட்ஸும் அப்படித்தான். ஆனால் இமயத்தில் நம் எல்லையின் நீளத்துக்கு மலைவாழ் மக்கள் மட்டும் போதமாட்டார்கள். வயலிலும் கடற்கரையிலும் வளர்ந்தவர்களும் ஏறித்தான் ஆகவேண்டும்.

அவர்கள் ஏறினார்கள். 1948இல் லடாக்கின் வாசலான சோஜி லா கணவாய் எதிரியிடம் இருந்தது. உயரம் சுமார் 11,500 அடி. அங்கே டாங்கிகளைக் கொண்டுபோய் நிறுத்துவது என்று ஜெனரல் திம்மய்யா முடிவெடுத்தார். பால்தாலிலிருந்து மேலே போக இருந்ததோ கோவேறு கழுதைத் தடம். அதை டாங்கி ஏறும் பாதையாக்கியவர்கள் மேஜர் தங்கராஜு தலைமையிலான மெட்ராஸ் சாப்பர்ஸ். ராணுவத்தில் எல்லோரும் ‘தம்பிகள்’ என்று அழைக்கும் பொறியாளர் படை. குளிரிலும் குண்டுவீச்சிலும் பாறையை வெடித்துப் பாதை போட்டார்கள். நவம்பர் 1ஆம் தேதி ஸ்டூவர்ட் டாங்கிகள் கணவாய்க்குள் நுழைந்தன. அவ்வளவு உயரத்தில் டாங்கியை எதிரி எதிர்பார்க்கவே இல்லை. சோஜி லாவைப் பற்றிப் பேசும்போது நாம் டாங்கிகளைச் சொல்கிற அளவுக்கு அந்தப் பாதையைச் சொல்வதில்லை; சொல்லவேண்டும்.

துணிவு இருந்தது. உடலைப் பற்றிய அறிவு பின்னால்தான் வந்தது, அதுவும் பெரும் விலை கொடுத்து. 1962இல் சீனப் போருக்கு அவசரமாக மேலே அனுப்பப்பட்டவர்களில் பலருக்குப் பருத்திச் சீருடைதான்; உயரத்துக்கு உடல் பழக அவகாசமும் தரப்படவில்லை. அதே 1962இல்தான் வீரர்களின் உடலியங்கியலை ஆராயும் டிபாஸ் நிறுவனம் சென்னை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தொடங்கப்பட்டது. பின்னர் அது டெல்லிக்கு மாறியது.

உயரம் உடலை என்ன செய்கிறது? 18,000 அடியிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு மெரினாவில் உள்ள அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். அங்கே அது பாதியாகிவிடுகிறது. தண்ணீர் 82 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி சரியாக வேகாது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதிதான். ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சுவிடுகிறது. அதனால் கார்பன் டை ஆக்சைடு அதிகம் வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. உடனே மூளை மூச்சைக் கட்டுப்படுத்தப் பார்க்கிறது. சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றி இதைச் சரிசெய்யச் சில நாட்கள் வேண்டும். அதற்குள் அவசரப்பட்டு ஏறினால், ஆக்சிஜன் குறைவால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுகி, அழுத்தம் கூடி, நுரையீரலுக்குள் நீர் கசியத் தொடங்கும். வீரர்கள் ‘ஹாப்போ’ என்று சொல்லும் இது, உடனே கீழே இறக்காவிட்டால் உயிரைப் பறிக்கும்.

ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் குழுவினரும் மலைநோய் கண்ட 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரையை உலகம் இன்றும் மேற்கோள் காட்டுகிறது. கட்டுமஸ்தான உடல் மலைநோயிலிருந்து காப்பாற்றாது. சொல்லப்போனால் வலுவானவருக்குத்தான் ஆபத்து கூடுதல். அவர்தான் ஓய்வெடுக்க மறுத்து வேகமாக ஏறுகிறவர்.

ஆகவே ராணுவம் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. 9,000 முதல் 12,000 அடி வரை ஆறு நாட்கள். முதல் இரண்டு நாள் ஓய்வு மட்டும். அடுத்த இரண்டு நாள் சமதளத்தில் மெதுவான நடை. பிறகுதான் சிறு ஏற்றங்கள். 15,000 அடி வரை இன்னும் நான்கு நாட்கள், அதற்கு மேல் மறுபடி நான்கு. லே நகருக்கு விமானத்தில் போய் இறங்கியதும் பைக்கை எடுக்கத் துடிக்கும் தி.நகர் இளைஞர்கள் இந்த முதல் இரண்டு நாளை மட்டுமாவது கடைப்பிடிக்கவேண்டும்.

பழகிய உடலையும் பனி விட்டுவைப்பதில்லை. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில், சுமார் 19,600 அடி உயரத்திலிருந்த 19 மதராஸ் பட்டாலியனின் சோனம் போஸ்ட்டைப் பனிச்சரிவு மூடியது. புதைந்தவர்கள் பத்துப் பேர். அவர்களில் நான்கு பேர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். கர்நாடகத்தின் ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று டெல்லியில் இறந்தார். மற்ற ஒன்பது பேரும் உயிரற்ற உடல்களாகவே மீட்கப்பட்டார்கள்.

மலை தந்த பழக்கம் உடலில் நிலைத்தும் இருப்பதில்லை. ஒரு மாதத்துக்கு மேல் லீவில் ஊருக்கு வந்து, வீட்டுச் சோறும் கடற்காற்றுமாக இருந்துவிட்டுத் திரும்புகிறவர், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், அந்தப் பதினான்கு நாட்களை முதல் நாளிலிருந்தே தொடங்கவேண்டும்.