மணாலியிலிருந்து லே வரை: இரவு தங்கும் உயரமே கணக்கு

இமாசலப் பிரதேசத்தின் மணாலியையும் லடாக்கின் லே நகரையும் இணைக்கும் நெடுஞ்சாலை, ரோதாங் கணவாய் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 470 கிலோமீட்டர் நீளமுடையது. சமவெளியில் தேர்ந்த மிதிவண்டிக்காரர் நான்கைந்து நாள்களில் கடந்துவிடக்கூடிய இத்தொலைவுக்கு இங்கே ஒன்பது, பத்து நாள்களாவது ஒதுக்க வேண்டியிருப்பதற்குக் காரணம், 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங்கில் தொடங்கி, பாரலாச்சா லா, நக்கீ லா, லாச்சுலுங் லா என ஏறி, 5,328 மீட்டர் உயரமுள்ள தங்லங் லாவில் உச்சம் தொடும் ஐந்து கணவாய்கள் வழியில் நிற்பதே ஆகும்.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எவ்வுயரத்திலும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். எனினும் மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைந்து, தங்லங் லாவில் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதியாகிவிடுவதால், ஒரே அளவு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைகிறது. உடல் இதற்கு இணங்கிவர நாள்கள் பிடிக்கும். ஆகவேதான், 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவு தங்குமிடத்துக்கும் அடுத்த இரவு தங்குமிடத்துக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் உயர்வு கூடாது என்றும், மூன்று நான்கு நாள்களுக்கொரு முறை ஓய்வு வேண்டும் என்றும் மருத்துவர்கள் வகுத்துள்ளனர். பகலில் உயர்ந்த கணவாயைத் தாண்டி இரவில் தாழ்ந்த இடத்தில் படுப்பதை உடல் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் என்பதால், பயணத்திட்டத்தில் முதலில் குறிக்க வேண்டியது படுக்குமிடத்தின் உயரமே. கிலோமீட்டர் அதற்குப் பின்னரே வரும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பாதையின் ஆபத்தான பகுதி எளிதில் புலப்படும். கேலாங், ஜிஸ்பா ஆகிய ஊர்கள் 3,000 மீட்டரைச் சற்றே தாண்டியவை. பலரும் அடுத்து இரவு தங்கும் சர்ச்சுவோ ஏறத்தாழ 4,300 மீட்டரில் உள்ளது. ஊர்திப் பயணிகள் பலர் அங்கே தலைவலியும் குமட்டலுமாக இரவைக் கழிப்பது இந்தத் திடீர் உயர்வால்தான். மிதிவண்டிக்காரர் ஜிஸ்பாவில் ஒரு நாள் ஓய்வெடுத்து, பட்சியோவிலும் ஜிங்ஜிங்பாரிலும் தங்கி, அதன் பிறகே பாரலாச்சா லாவைக் கடப்பது அறிவுடைமை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இவ்வாறு உயரத்தால் வரும் மலைநோய் முற்றினால், அதாவது நடை தடுமாறினாலோ ஓய்விலும் மூச்சு திணறினாலோ, உடனே கீழே இறங்குவதே தலையாய மருந்து. ஆனால் சுமார் 4,600 மீட்டரில் உள்ள பாங் முகாமிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் 5,000 மீட்டருக்கு மேற்பட்ட கணவாயில் ஏறியே இறங்க வேண்டும். எனவே மேலே செல்வதா திரும்புவதா என்ற முடிவை, இறங்குவழி எளிதாக இருக்கும் ஜிஸ்பா, தார்ச்சா பகுதியிலேயே தயக்கமின்றி எடுத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் புறப்படுவதும் திட்டத்தின் பகுதியே. வெயிலேற ஏறப் பனி உருகிச் சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகள், காலையில் கணுக்காலளவும் பிற்பகலில் முழங்காலளவும் பெருகக்கூடும்; பாங்கைத் தாண்டிய மோரே சமவெளியில் பிற்பகல் காற்று எதிர்த்து வீசும்போது, சமதரைகூட ஏற்றம்போல் கனக்கும்.

சர்ச்சுவுக்கு அப்பால் வரும் காட்டா வளைவுகள், 21 கொண்டை ஊசித் திருப்பங்களில் ஏறத்தாழ 500 மீட்டர் உயர்பவை. முன்புறம் 22 பற்களும் பின்புறம் 36 பற்களும் கொண்ட பற்சக்கரங்களைப் பொருத்தினால், மிதிகட்டை ஒருமுறை சுழலும்போது பின்சக்கரம் முக்கால் சுற்றுக்கும் குறைவாகவே சுழல்வதால், சுமையுடன் ஏறும்போதும் அதிகம் மூச்சு வாங்காமல் மிதிக்க முடியும். தங்லங் லாவிலிருந்து சிந்து நதிக்கரையிலுள்ள உப்ஷி வரை நீளும் இறக்கத்தில் பிரேக் கட்டைகள் விரைந்து தேயுமாதலால், உதிரி ஒரு சோடி கைவசம் இருக்க வேண்டும். உப்ஷிக்குப் பின் ஆற்றோரமாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றாலும், லே நகரம் ஆற்றுக்கு மேலே உயரத்தில் அமைந்திருப்பதால், கடைசிச் சில கிலோமீட்டர் மீண்டும் ஏற்றமே.