டீசலா, கரண்டா, ஹைட்ரஜனா? தோட்டப் பாதைக்கு எது தாங்கும்?

"நானா, அடுத்த வாகனம் கரண்டிலேயே எடுப்போமா?" பலாங்கொடையில் சில்லறைக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி கடந்த மாதம் என்னிடம் கேட்டார். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டதிலிருந்து இதே கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். 2020இல் தடை வந்த நாளிலிருந்து பழைய வாகனங்களையே ஒட்டுப்போட்டு ஓட்டியவர்கள் நாம். இப்போது எடுப்பது பத்து வருடமாவது உழைக்க வேண்டும்.

எனக்குப் பழகியது டீசல்தான். தோட்டக் கடைகளுக்கு அரிசி, மா, சீனி ஏற்றும் எனது டிமோ பட்டா சுமையோடு லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும். பழுதானால் றக்வானையிலும் திருத்தலாம், தெரணியகலையிலும் திருத்தலாம். ஆனால் 2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜனவரியில் 121 ரூபாவாக இருந்த லீற்றர் ஜூன் இறுதியில் 460 ரூபா. விலையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பொருள் இல்லையே! வரிசையில் இரண்டு இரவு வாகனத்துக்குள்ளேயே படுத்தேன். மேலே லயங்களில் ரொட்டி சுட மா இல்லை. என் மா மூடைகளோ கீழே கடையில் அடுக்கியபடி கிடந்தன.

அதற்காகக் கரண்ட் என்று பாயவும் முடியாது. அதே வருடம் மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. மின் நிலையத்துக்கும் எண்ணெய்தானே வேண்டும்?

கணக்கைப் பார்ப்போம். 2025இல் டீசல் 280 ரூபா அளவில் இருந்தது. அந்த விலையில் 100 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 2,300 ரூபா. சிறிய மின்சார லொறிக்கு மலைப்பாதையில், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 25 யூனிட் என்று வைப்போம். உங்கள் பில்லில் யூனிட் 50 ரூபா விழுந்தால் 1,250 ரூபா. மிச்சம் ஆயிரம். மாதம் 2,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 20,000 ரூபா. லீஸிங்கானாலும் இஜாராவானாலும், டீசல் வாகனத்தைவிட மாதத் தவணை அதற்கு மேல் கூடினால் எரிபொருளில் மிச்சம் பிடித்ததைத் தவணை தின்றுவிடும்.

விற்பவர்கள் ஒரு விஷயம் சொல்வார்கள்: இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காக மாறி பற்றரிக்குக் கரண்ட் திருப்பித் தரும் என்று. உண்மைதான். ஆனால் நமது தொழிலில் ஏறும்போது சுமை, இறங்கும்போது வெறும் வண்டி. 2 தொன் எடையை 1,000 மீற்றர் மேலே தூக்க மட்டுமே ஐந்தரை யூனிட் வேண்டும். வெறும் வண்டி இறங்கும்போது அதில் சிறு பங்குதான் திரும்பி வரும். கொழுந்தும் றப்பர் பாலும் கீழே ஏற்றி வருபவருக்குத்தான் இந்தக் கணக்கு நன்றாகச் சரிவரும். ஆனாலும் ஒன்று, மின்சார மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை தரும். கொண்டை ஊசி வளைவில் கிளச் எரிக்கும் தொல்லை இல்லை.

பழைய நிஸான் லீஃப் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள். 2010இல் வந்த அந்தக் காரின் 24 கிலோவாட் மணி பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இருக்கவில்லை, சூட்டில் சீக்கிரம் தளர்ந்தது. இப்போது வரும் லிதியம் இரும்பு பொஸ்பேட் பற்றரிகள் சூட்டை அதைவிட நன்றாகத் தாங்குகின்றன. எதுவானாலும் பாவித்த வாகனமென்றால் பற்றரியைச் சோதித்த அறிக்கை பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். இரத்தினபுரிக்காரர்கள் சார்ஜர் பெட்டியை 2003, 2017 வெள்ளக் குறிக்கு மேலே பொருத்த வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடைக் கூரையில் சோலார் இருப்பவர்களின் நிலை வேறு. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பகல் மின்சாரம் மிஞ்சிப்போய், கூரைச் சோலார்களை நிறுத்தி வைக்கும்படி கேட்டார்கள். அந்தக் கரண்ட் நம் வண்டிக்குள் போயிருக்கலாம்.

ஹைட்ரஜனைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. டொயோட்டா 2014இல் மிராய் காரைக் கொண்டுவந்தது, சில நிமிடங்களில் நிரப்பலாம், புகையும் இல்லை. ஆனால் தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கவே 50 யூனிட்டுக்கு மேல் கரண்ட் வேண்டும். அதில் கார் ஓடுவது 100 கிலோமீற்றர் சொச்சம். அதே கரண்டைப் பற்றரியில் ஏற்றினால் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடலாம். தாங்கியில் 700 பார் அழுத்தம், லொறி டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல ஏறக்குறைய 100 மடங்கு. கலிபோர்னியாவிலேயே ஷெல் கம்பெனி கார்களுக்கான ஹைட்ரஜன் நிலையங்களை 2024இல் மூடிவிட்டது. பெல்மதுளையில் எந்த ஷெட்டில் போய் நிரப்புவது?

பலாங்கொடைத் தம்பிக்கு நான் சொன்னது இது: டவுனைச் சுற்றி நாளுக்கு 70, 80 கிலோமீற்றர் ஓடி, இரவில் கடை வாசலுக்கே திரும்பும் வண்டியென்றால் கரண்டில் எடுங்கள். கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகும் லொறி டீசலிலேயே இருக்கட்டும். நானும் ஒரு சிறிய மின்சார வண்டிக்கு விலை கேட்டிருக்கிறேன். பட்டாவை விற்கும் எண்ணம் இல்லை.