மலை எங்கே போயிருந்தது?

பஞ்சாபில் ஜலந்தர் என்று ஒரு நகரம். 2020-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், அங்கே காலையில் மொட்டை மாடிக்குப் போனவர்கள் திகைத்து நின்றுவிட்டார்கள். வடகிழக்கு வானத்தின் ஓரத்தில், வெள்ளை வெளேரென்று ஒரு மலைத்தொடர்! இமயத்தைச் சேர்ந்த தௌலாதார் மலை அது. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பது. "இத்தனை வருஷம் இதே மாடியில்தானே நின்றோம், ஒரு நாளும் கண்டதில்லையே!" என்று பலர் வியந்தார்கள்.

மலை புதிதாக முளைக்கவில்லை. அப்படியானால் இத்தனை காலமும் அது எங்கே போயிருந்தது?

முதலில், அத்தனை தூரத்திலுள்ள மலை நம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்ப்போம். கடற்கரை மணலில் நின்று பார்த்தால், வானும் கடலும் தொடுவது போல் தோன்றும் கோடு ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். பூமி உருண்டையல்லவா? அதற்கப்பால் கடல் கீழே வளைந்து போய்விடுகிறது. பத்து மீட்டர் உயர மாடியில் ஏறினால் பதினொரு கிலோமீட்டர் வரை தெரியும். உயரம் நாலு மடங்கானால், பார்வை எட்டும் தூரம் இரண்டு மடங்காகும். இதுதான் கணக்கு.

இதையே திருப்பிப் போடுங்கள். நாம் ஏறுவதற்குப் பதில், மலை உயர்ந்து நிற்கிறது; அவ்வளவுதான்! எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8,848 மீட்டருக்குச் சற்று அதிகம். இடையிலே வேறு மலையோ மாசோ மறைக்காவிட்டால், முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் அதன் தலை தெரியவேண்டும் என்கிறது கணக்கு. அடிவாரம் மட்டும் பூமியின் வளைவுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும்.

இந்தக் கணக்கை நம்பித்தான் எவரெஸ்டையே அளந்தார்கள். 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் என்பவர் ஆரம்பித்த பெரிய நில அளவை, படிப்படியாக வடக்கே இமயத்தை எட்டியது. நேபாளத்துக்குள் நுழைய அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே 1849-இல் பீகார்ச் சமவெளியில் நின்றபடி, நூற்றெழுபது கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து கருவி வைத்துப் பார்த்தார்கள். காற்று ஒளியை வளைப்பதால் மலை உள்ளதைவிட உயரமாகத் தோன்றும். அதையும் கழித்துக் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கில் பெரும் பங்கு கொண்டவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. 1856-இல் அறிவித்த உயரம் 29,002 அடி. இன்றைய அளவுக்கும் அதற்கும் வித்தியாசம் முப்பது அடிதான்!

சரி, ஜலந்தர் மலையை மறைத்தது எது?

கொசுவலைத் துணி ஒரு மடிப்பாக இருந்தால் அதன் வழியே எதிரிலிருப்பவர் முகம் தெரியும். பத்து மடிப்பாக்கிப் பிடியுங்கள். வெறும் வெள்ளைதான் தெரியும். காற்றிலுள்ள தூசியும் புகையும் அப்படித்தான். மலையிலிருந்து வரும் ஒளியை வழியிலேயே சிதறடிக்கின்றன. போதாததற்கு, சூரிய ஒளியையும் நம் கண் பக்கம் திருப்பிவிட்டு வெண்திரை கட்டுகின்றன. தூரம் கூடக் கூட மடிப்பும் கூடுகிறது. 2020 மார்ச் கடைசியில் தொற்றுநோய்க்காக ஊரடங்கு வந்தது. வண்டிகள் நின்றன, பல ஆலைகள் மூடின. திரை விலகியது; மலை தெரிந்தது.

ஊரடங்கு என்ற துன்பம் நமக்கு மறுபடி வேண்டாம். ஆனால் அது காட்டிக்கொடுத்த உண்மையை மறக்கவும் வேண்டாம். மலையை மறைத்த அந்தத் திரை வெளியே எங்கோ தொங்கவில்லை. அதைத்தான் நம் குழந்தைகள் தினமும் மூச்சில் இழுக்கிறார்கள்!

நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் மாடிக்குப் போய்ப் பாருங்கள். கழுவிவிட்ட காற்றில், தொலைவிலுள்ள குன்றோ கோபுரமோ பளிச்சென்று தெரியும். அது எங்கும் போகவில்லை. நாம்தான் அதை மறைத்து வைத்திருந்தோம்.