காலித் தோட்டாவைச் சுருக்கும் டை

சுட்டதும் பித்தளைக் கூடு வாயு அழுத்தத்தில் விரியும்; முழுதாகப் பழைய அளவுக்குத் திரும்பாது. அதே கூட்டை மறுபடி நிரப்ப, டை எனும் எஃகு அச்சுக்குள் செலுத்திச் சுருக்குவார்கள். கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் பிரெட் ஹண்டிங்டன் 1943-இல் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். இத்தகைய டைகளுக்குப் பேர்பெற்றது. .22 காலிக் கூடுகளை ஈயக்குண்டுக்கு மேலுறையாக மாற்றும் டைதான் அவருடைய முதல் சரக்கு.

வேலையின் சூட்சுமம் மசகில் இருக்கிறது. பூசாமல் அழுத்தினால் கூடு உள்ளே இறுகிவிடும். நெம்பினால் அடிவிளிம்பு பிய்ந்துபோகும். பிறகு அடியைத் துளைத்து, மரை வெட்டி, போல்ட் போட்டு இழுக்க வேண்டியதுதான். அள்ளிப் பூசினாலும் வம்பு: மசகு நசுங்காது, பித்தளைதான் நசுங்கும், கூட்டின் தோளில் பள்ளம் விழும். ஆட்டு ரோமத்தில் கிடைக்கும் லேனோலினை விரல்நுனியால் லேசாகத் தடவினால் போதும்.

டையின் உட்சுவரில் ஒட்டிய பித்தளைத் துணுக்கு அடுத்தடுத்த கூடுகளைக் கீறும். குச்சியில் துணி சுற்றி, நைசான பாலிஷ் பசை தடவி, சுழற்றித் துடைப்பார்கள். பளபளப்புக்கு ஆசைப்பட்டு அதிகம் தேய்த்தால் டையின் அளவே கெட்டுவிடும்.

டங்ஸ்டன் கார்பைடு வளையம் வைத்த டைகள் வந்தபின், நேர்ச்சுவர்க் கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு மசகு தேவைப்படவில்லை. கழுத்துக் குறுகிய ரைஃபிள் கூடுகளுக்கு இன்றும் தேவை.